பதினான்கு மில்லிமீட்டர்

தட்டைத் திறக்காமல்
ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள் பிரிசில்லா.
மஞ்சள் கூழின்மேல் ஒரே இரவில்
ஆடை கட்டியதுபோல் படர்ந்திருந்தது
நேற்று என் உள்ளங்கையில்
பஞ்சால் துடைத்தெடுத்தது.
திருமங்கலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை,
சில்லறை வாங்கிய கை.
"பயப்படாதீங்கக்கா, எல்லார் கையும் இதான்."

உள்ளே பொட்டளவில் நான்கு காகித வட்டுகள்,
ஆளுக்கொரு துளி எண்ணெய்.
கிராம்பைச் சுற்றி எதுவும் முளைக்கவில்லை.
மழைக்கு முந்தைய நிலா
கோட்டை கட்டியிருக்குமே, அப்படி.
ஸ்கேல் வைத்தாள்: பதினான்கு மில்லிமீட்டர்.
எலுமிச்சைப்புல் பதினொன்று.
நம்பிக்கையில்லாமல் நான் நீட்டிய
சோழவந்தான் வெற்றிலைகூட ஒன்பது.

மல்லிகை வட்டின் விளிம்புவரை வந்து
ஓசிப் பந்தியில் இலை போட்டதுபோல்
உட்கார்ந்திருந்தன கிருமிகள்.
அந்தப் பத்து மில்லிக்காக
என் தையல் மிஷினை விற்றிருந்தேன்.
"மதுரைன்னா மல்லிதாம்மா ஓடும்"
என்று சொன்னவர்
கீழமாசி வீதி மொத்தக்கடை ஜெயவீரன்.

கப்பலூர் ஷெட்டில்
காரத்தண்ணீர் தானாகவே கொதிக்கும்,
அடுப்பு வேண்டாம்.
அந்தச் சூட்டில் கிராம்பை ஊற்றினால்
கலவை சட்டென்று இறுகி
கரண்டி நட்டுக்குத்தலாய் நிற்கும்.
இளஞ்சூட்டுக்கு இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு
பிறகு நூற்றுக்கு ஒரு பங்கு.
கூடினால் தோல் எரியும்.
ஒருமுறை எரிந்தது, கொழுந்தனார் முதுகு.
தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை.

நாற்பது நாள் உலர்ந்த கட்டியை
முந்தானையில் பொதிந்து எடுத்துப் போனேன்
பசுமலைக்கு.
பிரிசில்லா அளந்தாள். மூன்று.
ஸ்கேலைத் துடைத்துவிட்டு
மறுபடி அளந்தாள்.
மூன்று.
மீதிப் பதினொன்றைக் காரம் தின்றதா
காற்று தின்றதா
அவளுக்கும் தெரியவில்லை.

வெறும் சோப்பு ஒன்றைக் கையில் கொடுத்தாள்,
எண்ணெய் ஒரு சொட்டும் சேராதது.
குழாயடியில் நின்று அவள் எண்ண எண்ண
விரலிடுக்கு, நகக்கண், எப்போதும் மறந்துபோகும் கட்டைவிரல் என்று
இருபதுவரை தேய்த்தேன்.
அன்றைய தட்டில் நாலே நாலு புள்ளி.
மறுநாள் கிராம்பு சோப்பு.
ஐந்து.

சிரித்துவிட்டோம்.
எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

உறைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
"தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது போட்டுரு,
எல்லாவனும் போடுறான்."
ஜெயவீரன் லைனில் இருக்க
அச்சுக்காரர் இன்னொரு லைனில் காத்திருக்க
நான் சொன்னேன்:
கிராம்பு மணம் என்று போடுங்கள்,
கீழே பெரிய எழுத்தில்
'இருபதுவரை எண்ணவும்.'

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
"இதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

முந்நூறு கட்டி எடுத்தார், ஆயிரத்துக்குப் பதில்.

மத்தியானம் சோறு பிசையும்போதும்
விரலில் கிராம்பு இருந்தது.
அதற்கு எத்தனை மில்லிமீட்டர் என்று
பிரிசில்லாவிடம் கேட்க வேண்டும்.