டைரியின் முதல் பக்கம்

எல்கேஜி சேர்க்கப் போன அன்று
மிஸ் பேர் கேட்டார்.
"செப்பு" என்றேன் மகளிடம்.
எங்கள் வீட்டில் அதற்குச் 'சொல்' என்று அர்த்தம்.
லிகிதா குனிந்து
காலில் இருந்த புதுச் செருப்பைப் பார்த்தாள்.
அதற்கும் அதே சொல்தான்.
மிஸ்ஸோ எழுந்துபோய் அலமாரி திறந்து
பிளாஸ்டிக் அடுப்பு, தம்ளர், இட்லிச்சட்டி
கூடையோடு கொண்டுவந்து கொட்டினார்.
"செப்புச் சாமான் வேணுமா கண்ணு?"

மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்றோம்.
ஒருத்தி மட்டும் உட்கார்ந்து
சமைக்க ஆரம்பித்துவிட்டாள்.
அட்மிஷன் ஆயிற்று.

கிளம்பும்போது ஒரு தாள் தந்தார்கள்.
பெற்றோர் தயாராவதற்காம்.
ஒன்பது மணிக்குத் தூங்க வைக்கவும்.
தானே திறக்கிற டப்பாவில் சாப்பாடு தரவும்.
வாசலில் நின்று அழ வேண்டாம்.
யார் அழ வேண்டாம் என்று போடவில்லை.

டப்பா வாங்க
வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கே போனோம்.
இவர் கை மாங்காய் டெம்போவின்
சக்கர நட்டைக் கழற்றுகிற கை.
எதை எடுத்தாலும் 'டப்'பென்று திறந்துகொண்டது.
அவளிடம் கொடுத்தால்
பல்லைக் கடிக்கிறாள், முகம் சிவக்கிறது,
மூடி அசையவில்லை.
பதினொரு டப்பா.
"டப்பா வாங்க வந்தீங்களா
பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.
பன்னிரண்டாவது திறந்தது.
மூடி கொஞ்சம் லூசு, சாம்பார் நிற்காது.
"ஒழுகினா ஒழுகட்டும்
திறக்குதில்ல" என்று இவர் பணத்தை நீட்டினார்.

தூக்கம்தான் வழிக்கு வரவில்லை.
இது பெங்களூரா சீசன்.
எட்டரைக்குக் கூழ் ஃபேக்டரி வேன் ஹாரன் அடிக்கும்,
நான் ஏறியதும் தூங்கிவிட்டாள் என்பார் இவர்.
போனில் பின்னாலிருந்து
அவள் பாடுவது எனக்குக் கேட்கும்.

பெல்ட்டில் பழம் வருகிறது.
அழுகலைப் பொறுக்கிக்கொண்டே
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
தண்ணி வேணும் மிஸ்.
பென்சில் காணோம் மிஸ்.
வயிறு வலிக்குது மிஸ்.
நாளைக் காலையில் அவளுக்குச் சொல்லித்தர
முதலில் என் நாக்கு பழக வேண்டும்.
உச்சா மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒன்று.
அந்த ஒரு கவலை இல்லை.

"யாருடி அந்த மிஸ்ஸு?" என்றாள் எதிரே நின்ற ஷாஹீதா.
சொன்னேன். சிரிக்கவில்லை அவள்.
"போன வருஷம் எம்பையன்
பானி பானின்னு கேட்டுக் கேட்டு
சாயங்காலம் வரண்ட நாக்கோட வந்தான்.
தீபாவளிக்குள்ள
அந்த மிஸ்ஸே பானின்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க.
விடு."
ஒரு அழுகல் பழம் எங்களைத் தாண்டிப் போனது.
ஓடிப்போய்ப் பிடித்தாள்.

நேற்று டைரி வந்தது.
பேர் என்ற இடத்தில் அவர்களே
லிக்கிதா என்று போட்டிருந்தார்கள்.
ஒரு க் அதிகம், போகட்டும்.
தாய்மொழி என்ற இடத்தில்
தமிழ் என்று எழுதி அடித்தேன்,
தெலுங்கு என்று எழுதிவிட்டு
அடித்ததையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அதற்கும் கீழே,
'உங்கள் குழந்தையைப் பற்றி
நாங்கள் அறிய வேண்டியது.'
இரண்டு கோடு.

"வெண்டைக்காய் சாப்பிட மாட்டான்னு எழுது" என்றார் இவர்.
"இடி இடிச்சா காதைப் பொத்திக்குவா, அதையும்."
அவள் புது டப்பாவைத் திறந்து மூடி
திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எழுத்தைச் சின்னதாக்கி எழுதினேன்:
மிஸ், அவள் 'இல்லு இல்லு' என்று அழுதால்
எதையும் இல்லை என்று சொல்லவில்லை.
எங்கள் பாஷையில் அது வீடு.

இடம் தீர்ந்துவிட்டது.
டைரியைத் திருப்பிப் பிடித்து
வெண்டைக்காயை
ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதினேன்.