ஏழாம் கேள்வி

தொண்ணூற்று நான்கு தாள்கள்.
மின்சாரம் எட்டு மணிக்கே போய்விட்டது.
கைப்பேசி வெளிச்சத்தைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து
திருத்த உட்கார்ந்தேன்.
மலாவி ஏரியிலிருந்து காற்று.
காயப்போட்ட உசிப்பா மீனின் வாடை
தாள்களிலும் ஏறியிருந்தது.

ஏழாம் கேள்வி:
ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால்?
இருபத்தாறு. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
இருபத்தாறு. இன்னொன்று.
இருபத்தாறு.
கொசு அடிப்பதுபோல
கை தானாகவே போட்டுக்கொண்டு போனது.

பதினேழாவது தாளில்தான் நின்றேன்.
முதல் வரிசை லிம்பானியும்
மாமர வேர்மேல் உட்காரும் மாயமிக்கோவும்
இருபது முழம் தள்ளி இருப்பவர்கள்.
பார்த்து எழுத வழியில்லை.
தவறு என்றால் ஆளுக்கொரு பக்கம் சிதறும்.
இது சிதறவில்லை.
விடிகாலைப் படகுகள்போல
எல்லாம் ஒரே துறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

தரையில் குவியல் குவியலாகப் பிரித்தேன்.
பதினான்கு என்றவை இருபத்தொன்று.
இருபத்தாறு என்றவை அறுபத்து மூன்று.
மிச்சம் பத்து: வெற்றிடம், தொண்ணூறு, அழித்தழித்துக் கிழிந்த ஓட்டை,
ஒரு தாளில் மட்டும் மீன் படம்.

காலையில் தியோங்கேயைக் கூப்பிட்டேன்.
முந்தின நாள் சந்தையில் என்னிடமே
முந்நூற்றிருபதுக்கு மீன் விற்று
ஐந்நூறு குவாச்சாவுக்கு மீதி
நூற்றெண்பதை எண்ணித் தந்தவள்.
"இருபத்தாறு எப்படி வந்துச்சு, சொல்லு."
அடிப்பேனோ என்று முதலில் என் கையைப் பார்த்தாள்.
"நீங்கதானே சொன்னீங்க, மேடம்,
பெரிசிலேருந்து சின்னதைத்தான் எடுக்கணும்னு.
எட்டுல ரெண்டு போனா ஆறு.
அஞ்சுல மூணு போனா ரெண்டு."

நான்தான் சொன்னேன்.
பிப்ரவரி. தகரக் கூரைமேல் மழை இடித்துக்கொண்டிருந்தது.
ஓரிலக்கக் கணக்கு, சீக்கிரம் முடியட்டும் என்று
கத்திச் சொன்ன ஒரு வாக்கியம்.
அறுபத்து மூன்று தலைகளில்
ஒரு சொல் குறையாமல்
அந்தப் பிழை பிழைத்துக் கிடந்திருக்கிறது.
நான் நடத்தியதிலேயே நன்றாகப் பதிந்த பாடம்
அதுவாகத்தான் இருக்கும்.

மாவட்ட அலுவலகப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: சராசரி.
நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
குவியல்களை எங்கே எழுதுவது?

அன்றைய பாடம் பின்னம்.
காத்திருக்கட்டும் என்று, கரைக்கு அனுப்பி
நாணல் வெட்டிவரச் சொன்னேன்.
பத்துப் பத்தாகக் கட்டினோம்.
ஐந்து கட்டு, உதிரி இரண்டு.
"இதில் முப்பத்தெட்டு எனக்குக் கொடு."
லிம்பானி மூன்று கட்டுகளை உடனே தந்துவிட்டான்.
உதிரியைப் பார்த்தான். இரண்டுதான்.
என்னைப் பார்த்தான்.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
எங்கோ ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.
பின் வரிசையிலிருந்து யாரோ பொறுமையிழந்து,
"கட்டை அவிழேண்டா!"

ஒரு வாரம் கழித்து அதே மாதிரி ஒரு கணக்கு.
மதிப்பெண் கிடையாது என்று சொல்லியே கொடுத்தேன்.
சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை,
குவியல்தான் போட்டேன்.
அறுபத்து மூன்று பதினெட்டாகியிருந்தது.
தியோங்கே சரி.
மாயமிக்கோ பழைய வழியிலேயே போயிருந்தான்.
கேட்டால், "இன்னிக்கு நாணல் இல்லையே, மேடம்" என்கிறான்.

மீன் வரைந்தவனிடம்
இன்னும் நான் கேட்கவேயில்லை.