கெங்கா

முதலில் பேரிலேயே கை வைத்துவிட்டார்கள்.
கெங்கா, கங்கா ஆகியிருந்தாள்.
ஒரு கொம்புதானே போச்சு என்றாள் மேரி புஷ்பா.
கொம்பு போன மாட்டைச் சந்தையில் எவன் கேட்பான்
என்று நான் சொல்லவும்
முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

ஞாயிறு மதியக் காட்சி.
ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் இறங்கி,
காட்பாடிக்கு ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக
ஆறு பேர்.
எல்லாரும் ஒரே லைனில் ஷூவுக்கு அப்பர் தைக்கிறவர்கள்.
எல்லாரும் அந்த ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்.
கம்பெனி வேனில் கைமாறிக் கைமாறி
அட்டை பிய்ந்து, சொல்யூஷன் தடவி ஒட்டி,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யார் கண்ணீரோ யார் வீட்டுக் குழம்போ
இன்னும் மஞ்சளாக நிற்கிற புத்தகம்.

அதில் கெங்காவின் இடது ஆள்காட்டி விரலில்
ஊசி இறங்கி, நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கும்.
கோபம் வந்தால் அதைத்தான் தடவுவாள்.
திரையில் வந்தவளுக்குப் பத்து நகமும் பவளம்.
மெஷினில் உட்கார்ந்தாள். கால் பெடலில் இல்லை.
கோட்டீஸ்வரி தன் விரலைத்
துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டது
இருட்டிலும் தெரிந்தது எனக்கு.
படித்தபோதெல்லாம் கெங்காவுக்கு
இவள் கையைத்தான் வைத்திருந்தேன்.
இவளிடம் சொன்னதில்லை.

"இன்னாத்துக்கு இப்ப அழுதுகினு கீற, எழுந்து வா"
என்று தன்னைத்தானே அதட்டுகிறவள் அவள்.
இங்கே "ஏம்புள்ள அழுவுறவ" என்று
கதாநாயகன் கேட்டான்.
எந்த ஊர்ப் பேச்சோ. மீசையும் அந்த ஊர்தான்.
புத்தகத்தில் அவனுக்கு நாலு பக்கம்,
கைமாற்று வாங்கிப் போனவன், திரும்பவில்லை.
படத்தில் நாலு சண்டை.
ஆம்பூர் என்று தெரியவேண்டுமே,
காட்சிக்குக் காட்சி ஒரு பிரியாணி அண்டா.
மாசக் கடைசியில் கெங்கா வீட்டில்
பத்து நாளும் கேழ்வரகுக் கூழ்.
அதற்கே ஒரு அத்தியாயம் இருந்தது.

கடைசி அத்தியாயம் எங்களுக்கு மனப்பாடம்.
சித்திரை வெயில். பாலாற்று மணல்.
வேலை போனவள் அக்கரைக்கு நடக்கிறாள்,
அதுவரை தைத்து அனுப்பிய ஜோடிகளை எண்ணிக்கொண்டு.
காலில் ஒன்றும் இல்லை.
லாரிகள் அள்ளிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப்
பதினோரு பக்கம்.
அக்கரை வருமுன் நாவல் முடிந்துவிடும்.

படத்தில்
ஆறு கொள்ளாத தண்ணீர்.
பரிசல் தள்ளிக்கொண்டு அவன் வருகிறான்,
இவள் ஏறிக்கொள்கிறாள்,
தியேட்டர் கை தட்டுகிறது.
"அடப்பாவிகளா" என்றாள் ஷமீம், சத்தமாகவே.

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் நெரிசல்.
ஆட்டோ நின்றது.
கீழே சீமைக் கருவேலம், எருக்கு,
நடுவில் நூல் மாதிரி ஒரு சாக்கடை.
ஒவ்வொருத்தியும் ஒரு குறை சொல்லி முடித்தபிறகு
தில்ஷாத் வெளியே பார்த்தபடி சொன்னாள்:
"பொய்தான்.
ஆனா அம்மாம் தண்ணிய பாத்ததும்
நல்லாத்தான்டி இருந்துச்சு."
வெள்ளம் வந்த வருஷம்
இதே பாலத்தில் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு நின்றது.
நானும் நின்றேன். குழந்தை மாதிரிக் கத்தினேன்.
பதில் சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

ராத்திரி புத்தகத்தைப் பிரித்தேன்.
முதல் வரியிலேயே
அந்த நடிகை வந்து உட்கார்ந்திருக்கிறாள்,
பவள நகத்தோடு. சனியன்.
விரலை மாற்ற முடிந்தது,
முகத்தை முடியவில்லை.

திங்கட்கிழமை வேனில்
பேரணாம்பட்டிலிருந்து புதிதாக வருகிற ஜெபசீலி
புத்தகம் கேட்டாள்.
படம் பார்த்துட்டியா என்றேன்.
இன்னும் சம்பளம் போடலக்கா என்றாள்.
கொடுத்தேன்.
சீக்கிரம் படி,
பொங்கலுக்கு டிவியில் போட்டுவிடுவான்.