மூன்றாம் அங்கம்

பதினான்கு பக்கம் பாடிவிட்டுத்தான்
கால்வாயில் குதிக்கிறாள் மதகுக்காரன் மனைவி.
"மூழ்குகிறவளுக்கு ஏது இத்தனை மூச்சு?
இத்தாலியச் சொல் உயிரில் முடியும், இழுக்கலாம்.
நம் ஆங்கிலம் மெய்யில் வாயை அடைக்கிறது"
என்றாள் இமோஜென், ஒத்திகையில், செருப்பைக் கழற்றியபடி.

ஹெஸ்டர் பிரிம்லோ பதில் சொல்லவில்லை.
ஸ்டோக் நகர விடுதியில், ஹீட்டர் செத்த இரவில்,
ஆறு வருட எழுத்தைச்
சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனார்.
மிஞ்சியது மூன்று ஸ்வரம்.
சொல் கிடையாது. ஒரே ஓர் உயிர்.

அரங்கேற்றம்.
பாடினாள், விழுந்தாள்.
ஓபோ நின்றபின்னும் கைதட்டல் இல்லை.
ஐந்தாம் வரிசையில் ஓர் இருமல்
பாதியில் தன்னை விழுங்கிக்கொண்டது.

மேடைக்கு அடியில்
மெத்தையோடு காத்திருந்த ஓக்டன்
துண்டை நீட்டினான்:
"நாளைக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக விழுங்கள்.
இங்கே ஓர் ஆணி துருத்துகிறது."