பட்டையா, காத்துப்பையா

தாழையூத்து எடைமேடையில்
பின்னச்சு மட்டும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
கட்டில், அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்,
ஜெபக்கனி விடமாட்டேன் என்ற தையல் மிஷின்.

பணகுடி தாண்டுகையில் காற்று
பக்கவாட்டில் பிடித்து ஆட்டியது.
கூண்டுக்குள் டம்ளர்கள் உருண்டு முடிக்கும்வரை
இருவரும் பேசவில்லை.

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை
வண்டிக்கடியில் படுத்தபடியே சொல்கிறார்:
"ரெண்டு பட்டை கூட்டுனா தாங்கும்.
ஆனா கூண்டை இறக்கிட்டு வெறும்வண்டியா ஓட்டுனா
முதுகெலும்பை எண்ணிக்கிடலாம்.
காத்துப்பைன்னா ஏத்தும்போது ஊதி
இறக்கும்போது விட்டுக்கிடலாம்.
காசு மூணு மடங்கு.
ஆட்டத்துக்குக் குறுக்குக் கம்பி, அது தனி.
எப்பவாவது இறக்குவீகளா, மாட்டீகளா?
அதைச் சொல்லுங்க மொதல்ல."

"இறக்குவோம்" என்றேன்.
"இறக்கமாட்டோம்" என்றாள் ஜெபக்கனி,
ஒரே மூச்சில்.

ஸ்பானர் சத்தம் நின்றது.
வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்துப்
பதினோரு நாள்தான் ஆகிறது.
அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை;
அதை நம்பித்தான் இந்தச் செலவே.

அவர் ஊர்ந்து வெளியே வந்தார்,
கையைத் துடைத்தார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

குறுக்குக் கம்பியை மட்டும்
இன்றைக்கே மாட்டச் சொல்லியிருக்கிறோம்.
அதில் தகராறில்லை.