நாற்பத்தொரு பக்கம்

குளச்சல் திருவிழா மேடையில்
நானூறு தடவை உன்னிடம் தோற்றவன் சொல்றேன், கிளீட்டஸ்:
போ.

ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம்.
பதினேழாவதில்
உன் பேரு அவங்களுக்குச் சொந்தம்.
கடப்புறத்துப் பிள்ளைகள் ‘சுறா’ன்னு கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்கவும் அனுமதி வேணும்.
அதுக்கு நீ சிரிச்சே.

முதல் வருஷம் முழுக்கத் தோற்கணுமாம்.
அங்கேதான் முகம் கறுத்தது.

லேய், அதில என்ன இருக்கு?
தாடையை நெஞ்சோடு ஒட்டு,
மூச்சை விடு,
பலகை முதல்ல கத்தட்டும்.

நாகர்கோவிலில் உன் முழங்கால் ஸ்கேன் மூவாயிரத்து ஐநூறு.
கமிட்டிக்காரன் போன வருஷப் பாக்கியே தரல.
போ.

வருகிற திருவிழா நோட்டீஸில்
என் பேருக்கு எதிரே வெறும் வெள்ளை.
பசை தடவிக்கொண்டே ஒருத்தன் கேட்டான்:
‘அண்ணன் இந்தத் தடவை ஜெயிப்பீங்களா?’

அது எப்படின்னு
எனக்குத் தெரியாதே, மக்கா.