எண்பது கிலோ

வால்பரைசோவின் ஏற்றங்களைப் பற்றி
விலைப்பட்டியல் வாய் திறக்கவில்லை.

சின்ன கார், மூன்று சிலிண்டர்.
மீன்கடைச் சந்தில்
இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே செருகிவிடலாம்.
குடிப்பதும் குருவித் தண்ணீர்தான்.
கதவு மட்டும் தகர டப்பா போலச் சாத்தும்,
பள்ளம் ஒவ்வொன்றையும்
முதுகெலும்புக்குத் தனித்தனியே அறிமுகம் செய்யும்.

இன்று பின்சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது
மூன்றடுக்குக் கல்யாண கேக்.
ஓட்டுவது ஹிமேனா.

பாதி ஏற்றத்தில் வண்டி முனகியது.
ஏசியை அணைத்தாள்.
ரேடியோவையும், எதற்கோ.
பிறகு
என்னைப் பார்த்தாள்.

இறங்கினேன்.
மாதத் தவணை கட்டிக்கொண்டே
நான் தேடிய குறை
எண்பது கிலோ, மீசையோடு
நடைபாதையில் நின்றது.

வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு ஹார்ன்.
அதற்கு மட்டும்
லாரியின் குரல்.